நடுவில் நிற்கிற ஆள்

தங்கப்பாண்டிக்கும் அவர் மகன் வினோத்குமாருக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஒரே வீடு, ஒரே சோற்றுப் பானைதான். ஆனால் மீசை அரும்பிய மகனிடம் தகப்பன் நேருக்கு நேர் பேசுவது புளிச்சங்குடியில் வழக்கமில்லை. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தகப்பன் கொல்லையில் மாட்டுக்கு வைக்கோலை உதறிக்கொண்டே சொல்வார். மகன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பான். பேச்சு அடுப்படி வழியாகத்தான் போய்ச் சேரும். அடுப்படியில் அவர் மனைவி உமையாள் இருந்தாள்.

"அந்தத் தடிமாட்ட ஊருணிக்குப் போயி தண்ணி எடுத்தாரச் சொல்லு. தின்ன சோறு செமிக்க வேணாமா" என்பார் தங்கப்பாண்டி.

உமையாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வருவாள். "ஏலே வினோத்து, அய்யாவுக்கு இடுப்பு பிடிச்சிருக்காம்ல. நீ ஒரு நடை வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயி ரெண்டு கொடம் கொண்டாந்துருவியான்னு கேக்குறாக."

"எனக்கு வேற வேல இல்லயாக்கும். அவரையே போகச் சொல்லு."

"படிச்சு முடிச்சிட்டுப் போறானாம்" என்று அது கொல்லைக்குப் போகும்.

இப்படியே காலம் ஓடியது. அய்யாவுக்குக் கோபமே வராது என்று மகன் நம்பினான். பயல் சொல்பேச்சுக் கேட்கிறவன் என்று தகப்பன் நம்பினார். போன சித்திரையில் உமையாள் செத்துப்போனாள்.

மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்த களத்தில்தான் செத்தாள். அன்றைக்குக் களத்துக் காவல் வினோத்துடைய முறை. பள்ளிக்கூடம் லீவு. கண்மாய்க்குள் கிரிக்கெட் மேட்ச் என்று போய்விட்டான். மேற்கே கறுத்து, காற்று புழுதியைக் கிளப்பியதும் உமையாள் அடுப்பில் குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டிய தார்ப்பாயை ஒற்றை ஆளாய் இழுத்தாள். பாதி வத்தலை மூடியிருந்தபோது மின்னல் விழுந்தது. ஆள்கள் போய்ப் பார்த்தபோது தார்ப்பாயின் முனையைக் கை விடாமல் பிடித்திருந்தது.

வினோத்தை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்த அன்று தங்கப்பாண்டி தன் மகள் சத்யப்பிரியாவிடம் மட்டும் சொன்னார். "ஒந் தம்பி களத்துல கெடந்திருந்தா அவ உசுரோட இருந்திருப்பா. அவன்கிட்டச் சொல்லு."

சத்யா அதைச் சொல்லவில்லை. அவள் விழுங்கிக்கொண்ட முதல் பேச்சு அது.

அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நிற்கிற அவள் போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா செத்து துக்கத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. போகிறாயா என்று யாரும் கேட்கவும் இல்லை. ஒரு பொம்பளை செத்தால் அந்த அடுப்புக்கு முன்னால் அடுத்த பொம்பளை உட்கார வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பட்டத்தைக் கரைத்து உலையில் ஊற்றுவார்களா என்று அவளுக்கு எரிச்சலாக வரும். சோறாக்குவதைக் கூடப் பொறுத்துக்கொண்டாள். இந்த இரண்டு ஆம்பளைகளின் பேச்சைச் சுமந்து போய், வழியில் அதன் பல்லைப் பிடுங்கி, மற்றவனிடம் இறக்கி வைப்பதுதான் அவளைத் தின்றது.

தை கடைசியில் ஓசூர் கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. பங்குனி பிறந்ததும் சேர வேண்டும். அதை ஒட்டித்தான் வினோத்துக்கு பிளஸ் டூ பரீட்சையும் தொடங்கும்.

"நான் போயிட்டா இதுக ரெண்டும் என்ன செய்யும், அயித்த?" என்று சோணையம்மாளிடம் கேட்டாள்.

களத்தில் இருவரும் பழம் பரப்பிக்கொண்டிருந்தார்கள். குவித்து மூடிவைத்துக் கனிந்த குண்டு மிளகாய், ரத்தக் கட்டிபோலப் பளபளத்தது. வெள்ளை விழுந்ததைச் சோணையம்மாள் பொறுக்கித் தனியாக எறிந்தாள். உமையாளோடு சேர்ந்து காடு கழனி பார்த்தவள். வாய் சும்மா இராது.

"என்ன செய்யும், பட்டினி கெடக்கும். சோறு இங்கன இருக்குன்னு ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்கிட மாட்டானுகல்ல."

"நீங்க நடுவுல இருந்து பாத்துக்கிடுங்களேன்."

"நானா? போ மருமகளே. ஒங்கய்யன் பேசுறத அப்படியே ஒந் தம்பிகிட்டச் சொன்னேன்னா அன்னைக்கே கொலதான். ஒங்காத்தாளுக்குத் தேன் தடவத் தெரியும். எனக்கு இருக்குறத இருக்குறபடிதான் வரும்." வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். கை பட்ட கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. "இந்த வேலையில அழுகுறதுக்கு ஒரு வசதி. யாரும் ஏன்னு கேக்க மாட்டாக."

சத்யா போனை நோண்டும்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டில் மன அழுத்தமா, பெற்றோர் பிள்ளை உறவில் விரிசலா, உங்கள் மொழியிலேயே வீடியோவில் ஆலோசனை, முதல் சில அமர்வுகள் இலவசம். இளித்த வாயோடு ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்திருந்தது. சோபாவைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பெயரைப் பதிந்தாள். தான் போன பிறகு நடுவில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அது போனுக்குள் இருக்கிற ஆளாக இருந்தால் என்ன என்று நினைத்தாள்.

தங்கப்பாண்டியைச் சம்மதிக்க வைப்பது லேசாக இல்லை.

"எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

"பைத்தியத்துக்கு இல்லய்யா. சும்மா பேசுறது. அவன் பரிச்சைக்குப் படிக்க மாட்டேங்குறான், அதுக்கு யோசன சொல்லுவாக."

"யோசன சொல்றவுகளுக்கு மொளகா காடு இருக்கா?"

"இல்ல."

"பெறகென்ன யோசன." கருவாட்டுத் துண்டைக் கடித்தார், கஞ்சியை ஒரு இழுப்பு இழுத்தார். "ஒனக்கு வேலைக்குப் போகணும். அதானத்தா?"

"ஆமாய்யா. போகணும்."

அவர் கும்பாவைக் கழுவி ஊற்றினார். "சரி, கூப்புடு."

வீட்டில் சிக்னல் கிடையாது. ஊரில் மேடான இடம் களம்தான்; அங்கேதான் இரண்டு கோடு நிற்கும். உமையாள் விழுந்த இடம். வினோத் அதற்குப் பிறகு களத்துக்குள் கால் வைத்ததே இல்லை. ஓரத்து வேப்பமரம் வரை வருவான், அதற்கு மேல் வரமாட்டான். பறிப்புக்கு வந்த பெண்கள் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில் சத்யா அய்யாவைக் களத்து நடுவில் சாக்கு விரித்து உட்கார வைத்தாள். 

திரையில் வந்தவள் பெயர் சிநேகா. சத்யாவை விட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு தொட்டிச் செடி.

"வணக்கம் சார். எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம் தாயி."

"சார், உங்க கண்ணு கலங்கியிருக்கு. பரவாயில்ல. அழணும்னு தோணிச்சுன்னா அழுதுடுங்க. இது சேஃபான இடம்."

தங்கப்பாண்டி மகளைப் பார்த்தார். "என்னத்தா சொல்லுது இந்தப் பிள்ள?"

"மிளகா நெடி மேடம்" என்றாள் சத்யா. "வத்தக் களத்துல இருக்கோம்."

சிநேகா சிரித்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு கைக்குழந்தை வீறிட்டது. சட்டென்று சத்தத்தை அடைத்து, திரும்பி எதையோ சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் குழந்தைச் சத்தத்துக்குப் பிறகுதான் தங்கப்பாண்டி அவளை மனுஷியாக மதித்தார்.

"பிள்ள அழுகுதுபோல, தாயி. போயி அமத்திட்டு வாங்க."

"வேற ஆள் இருக்காங்க சார். நீங்க சொல்லுங்க. உங்க பையன்கிட்ட என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?"

"என்னத்தச் சொல்ல. பொஸ்தகத்தத் தொட மாட்டேங்குறான். மரத்துக்கடியில மட்ட மல்லாக்கப் படுத்திருக்கான் சோம்பேறிப் பய. பாஸ் பண்ணாட்டி எனக்கென்னன்னு கேளுங்க."

சத்யா போனைத் தூக்கிக்கொண்டு களத்தைக் கடந்து வேப்பமரத்துக்கு நடந்தாள். வினோத் கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். நெஞ்செலும்பு துருத்தித் தெரிந்தது.

"வினோத், அப்பாவுக்கு உங்க படிப்பப் பத்தித்தான் ரொம்பக் கவலை" என்றாள் சிநேகா. "உங்களுக்கு என்ன உதவி வேணும்னு அவருக்குத் தெரியல. கேக்கச் சொன்னார்."

வினோத் எழுந்து உட்கார்ந்தான்.  சத்யாவுக்கு அம்மா பேசுகிற மாதிரியே இருந்தது.

"கெமிஸ்ட்ரிதான் ஓட மாட்டேங்குது" என்றான். "அவர் என்ன செய்வாரு அதுக்கு. ஒண்ணும் வேணாம்னு சொல்லுங்க."

போன் திரும்பக் களத்து நடுவுக்கு வந்தது. "கெமிஸ்ட்ரி மட்டும் கஷ்டமா இருக்காம் சார். மத்ததெல்லாம் படிச்சிடுவாராம்."

"அப்படியா சொன்னான்?" தங்கப்பாண்டி பெருவிரலால் ஒரு மிளகாயைப் புரட்டினார். "கெமிஸ்ட்ரிக்கு டூசன் உண்டுமான்னு கேளுங்க. பரமக்குடிக்குப் போகட்டும், சைக்கிள் பஞ்சரு ஒட்டிக் குடுக்குறேன்னு சொல்லுங்க."

அன்று சத்யா போனோடு களத்துக்கும் மரத்துக்கும் நடையாய் நடந்தாள். மிளகாய்ச் சூடு உள்ளங்காலைச் சுட்டது. கஞ்சி குடித்துவிட்டு முதலில் திரும்பிய சோணையம்மாள் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தாள். "சாமியத் தூக்கிட்டுச் சுத்துற மாதிரில்ல சுத்துறா."

மறுநாள் காலையில் சைக்கிள் வாசலில் காற்றடைத்து நின்றது. வினோத் அதைப் பார்த்தான்.  புத்தகப்பையை எடுத்தான். அந்த வாரம் அவன் யாரும் சொல்லாமலே ஊருணிக்குத் தண்ணீருக்குப் போனான். தங்கப்பாண்டி கருவாட்டுக் குழம்பில் நடுத்துண்டை மகனுக்கென்று சட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். சத்யா தன் துணிகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அடுத்த அமர்வில் சிநேகா வேறு மாதிரிப் பேசினாள்.

"சத்யா, போன தடவ நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்கப்பாவும் தம்பியும் என்னை மெசஞ்சரா யூஸ் பண்றாங்க. எங்க சீனியர் ரெக்கார்டிங் பாத்துட்டு அது கூடாதுன்னாங்க. நான் நடுவுல இருக்கிற வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க. ஃபேமிலின்னா டைரக்டா பேசணும். ரெண்டு பேரையும் ஒரே ஃப்ரேம்ல உக்கார வைங்க."

"எங்க ஊர்ல அப்படிப் பழக்கமில்ல மேடம்."

"பழக்கத்த மாத்தத்தானே என்கிட்ட வந்தீங்க? நாளைக்கு நீங்க ஓசூர் போய்ட்டா யாரு நடுவுல நிப்பா?"

சத்யாவுக்கு அது சரி என்றுதான் பட்டது. காலேஜில் அவளும் இப்படித்தான் மேடையில் பேசியிருக்கிறாள், மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று. அம்மாவின் ஆயுசு முழுக்க இந்த இரண்டு பேரின் வாயைத் துடைத்துவிட்டே போனது என்கிற கோபமும் இருந்தது. மரத்தடிக்குப் போய்த் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடா. ஒரு தடவ. எனக்காக வா."

களத்து விளிம்பில் அவன் கால் நின்றது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். தகப்பனுக்கு ஒரு முழம் தள்ளி, முகத்தை வேறு பக்கம் வைத்து உட்கார்ந்தான். சத்யா எதிரே குத்தவைத்துப் போனைப் பிடித்தாள். சோணையம்மாள் அன்று கஞ்சிக்குப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் சிநேகா. "ஒருத்தர ஒருத்தர் பாருங்க. சார், இத்தன நாள் பையன்கிட்ட சொல்லணும்னு நெனச்சு சொல்லாம வச்சிருக்கிற ஒரு விஷயம் இருக்கும். அத இப்ப அவர் முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி."

"இருக்கும் சார். உள்ள வச்சு வச்சுத்தான் ப்ரெஷர் ஏறுது. சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் லேசாகும்."

சோணையம்மாள் கையிலிருந்த வத்தலைப் போட்டுவிட்டாள். "ஏத்தா சத்யா, அந்தப் போன அமத்து" என்றாள்.

அது என்ன விஷயம் என்று சத்யாவுக்குத் தெரியும். பந்தல் பிரித்த அன்றிலிருந்து அவள் வயிற்றில்தான் கிடக்கிறது. போனை அணைக்க ஒரு விரல் போதும். சொல்லித் தொலைத்துவிட்டால் தனக்கு இந்தச் சுமை போகும், பஸ் ஏறலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. விரல் அசையவில்லை.

தங்கப்பாண்டி மகன் பக்கம் திரும்பினார். வெகு நாளைக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். உமையாளின் மூக்கு, உமையாளின் நெற்றி.

"அன்னைக்கு ஒம் மொறல்ல" என்றார். குரல் உயரவே இல்லை. "நீ இங்கன கெடந்திருந்தா அவ வந்திருக்க மாட்டா. ஒம் மொறையிலதான் அவ செத்தா. ஒன்னையப் பாக்குறப்பல்லாம் எனக்கு அதான் தெரியுது. சோத்துல கை வைக்க முடியல."

வத்தல் சூட்டில் காற்று நெளிந்தது. வினோத் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

"நீங்க என்னையத் திட்டுனதே இல்லயேய்யா" என்றான். சின்னப் பையன் குரலில் வந்தது. "அம்மா இருக்கப்ப ஒருநா கூடத் திட்டுனதில்லயே."

"திட்டாமயா. தெனந்தான் வஞ்சேன். உருப்படாதவன், தடிமாடுன்னு. ஒங்காத்தா வந்து சொல்லலியா?"

வினோத் அக்காவைப் பார்த்தான். "நீயுமாக்கா?"

சத்யா போனுக்குப் பின்னால் முகத்தை இறக்கிக்கொண்டாள். 

"சூப்பர் சார், இது ரொம்ப முக்கியமான ஸ்டெப்" என்றது போன். சிநேகாவின் முகம் வெளிறியிருந்தது, வாய் மட்டும் படித்ததைச் சொல்லிக்கொண்டு போனது. "வினோத், அப்பாவோட வலியத்தான் அவர் சொல்றார். ரியாக்ட் பண்ணாதீங்க. மூச்ச நல்லா இழுத்து..."

அவன் எழுந்து வத்தலை மிதித்துக்கொண்டே நடந்தான். செருப்பை எடுக்கவில்லை. போனில் நேரம் முடிந்து திரை வெளுத்தது. இன்றைய உரையாடல் எப்படி இருந்தது என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக வந்து நின்றன. சத்யா போனைச் சாக்கின் மேல் எறிந்தாள்.

"தேனத் தொடச்சிட்டியே ஆத்தா" என்றாள் சோணையம்மாள். திட்டுவதுபோலக் கூட இல்லை.

அன்று சாயங்காலம் வினோத்தின் சைக்கிள் பரமக்குடி ரயில் ஸ்டேசன் வாசலில் பூட்டாமல் கிடந்தது. விசாரித்ததில் கடலோரம் மண்டபம் ஊரில் இருக்கிறான் என்று தெரிந்தது. படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிற வேலை. கூடப் படித்த ஒருவனின் அண்ணன் சேர்த்துவிட்டிருக்கிறான். சத்யா அந்த ஆலோசனைக்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டாள். வேறொரு பெண் வந்தாள். சிநேகா விலகிவிட்டாள் என்றாள். "உங்க பேரு என்ன? பிரச்சினைய முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள். சத்யா அணைத்துவிட்டாள்.

மண்டபத்துக்கும் போய்ப் பார்த்தாள். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். விரலெல்லாம் வெடித்திருந்தது. வீட்டுக்கு வா என்றாள். "எந்த வீட்டுக்கு? நான் இருந்த வீட்ட அம்மால்ல தெனம் வாயாலயே கட்டிக்கிட்டு இருந்திருக்கு" என்றான். ஐஸ் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படகுப் பக்கம் போய்விட்டான்.

பங்குனி பிறந்தது. ஓசூரிலிருந்து ஏன் சேரவில்லை என்று கேட்டு எழுதினார்கள். அவள் பதில் போடவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் கடைசிப் பறிப்பு வத்தல் களத்தில் கிடந்தது. சுக்காகக் காய்ந்து, காலால் துழாவினால் விதை உள்ளே கலகலத்தது. தங்கப்பாண்டி முதுகைக் காட்டியபடி வத்தலைக் காலால் கிளறிக்கொண்டே போனார். சோற்றைத் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்த ஆள் மாதிரி தோள்பட்டை துருத்தியது. சத்யா வினோத்துக்குப் போனைப் போட்டாள். எத்தனையோ தடவை கூப்பிட்டும் எடுக்காதவன் இன்றைக்கு எடுத்தான்.

"நாளைக்குப் பரிச்சைடா."

"தெரியும்."

தங்கப்பாண்டி நின்றார். திரும்பவில்லை. "சோறு திங்கிறானான்னு கேளுத்தா" என்றார். வத்தலைக் காலால் ஒரு கிளறு கிளறிவிட்டு, "நான் பேசுனது தப்புத்தான். வந்துறச் சொல்லு. அவங்காத்தாளுக்கு அவன் படிக்கணும்னு ஆச. பரிச்சைய எழுதிட்டுப் போகட்டும், அதுவரைக்கும் நான் மாட்டுக்கொட்டத்துல படுத்துக்கிடுறேன். எம் மொகத்துல முழிக்க வேணாம்" என்றார்.

சத்யா ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை. கூட்டவில்லை, குறைக்கவில்லை. அய்யா சொன்னதை அப்படியே சொன்னாள்.

அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வினோத் சிரித்தான்.

"நல்லா சொல்றக்கா. அம்மா தோத்துரும்."

"சத்தியமாடா. அய்யா இங்கனதான் நிக்கிறாக. அவுகதான் சொன்னாக."

"நீயாச் சொல்ற."

அவள் ஓடிப்போய்ப் போனை அய்யாவிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்கய்யா. ஒரு வார்த்த."

தங்கப்பாண்டி போனைப் பார்த்தார். மிளகாய் அப்பிச் சிவந்த இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஆனால் நீட்டவில்லை. வாய் அசைந்தது. ஒரு தடவை நேராகப் பேசியதில் என்ன ஆனதென்று பார்த்த வாய் அது. தலையை ஆட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். கால் பட்டு வத்தல் கலகலத்தது.

சத்யா போனைத் திரும்பக் காதில் வைத்தபோது வினோத்தின் குரல் மாறியிருந்தது. "அக்கா, என்ன சத்தம் அது? வத்தலா? காஞ்சிருச்சா?"

"ஆமா."

"அள்ளிருங்க. உடனே அள்ளிருங்க. இங்கன கடல்ல மேகம் கருக்கலா ஏறி வருது. போட்டெல்லாம் கரைக்கு வந்துருச்சு. அங்கயுந்தான் வரும். ஒத்தையா இழுக்காத. அவரையும் புடிக்கச் சொல்லு." குரல் உடைந்தது. "ரெண்டு பேரும் புடிங்கக்கா."

இணைப்பு அறுந்தது.

"அய்யா, மழை வருதாம். கிழக்க ஏறுதாம். அள்ளணுமாம், தார்ப்பாய ரெண்டு பேரும் சேந்து புடிக்கணும்னு சொல்றான்."

தங்கப்பாண்டி அண்ணாந்து பார்த்தார். புளிச்சங்குடிக்கு மேலே வானம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"யாரு, அவனா சொன்னான்?"

"அவன்தான்யா."

"நீயாச் சொல்லாதத்தா" என்றார். அலுப்பாகத்தான் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

 சத்யா போனை இடுப்பில் செருகினாள். களத்து மூலையில் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயை உதைத்து விரித்தாள். இழுத்தாள், கனத்தது. கிழக்கேயிருந்து ஈரக் காற்று வந்து முகத்தில் பட்டது. முதல் இடி இறங்கியபோது தார்ப்பாயின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. மறுமுனை தரையில் கிடந்தது.